முடித்து வைத்த ஐம்பது தோட்டாக்களில் ஐயம்: பிரிப்பதா, சுடுவதா?

மெல்லியகாற்று (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். நான்கு ஆண்டுகளாக .308 வின்செஸ்டர் தோட்டாக்களைக் கையால் நிரப்பி வருகிறேன். போல்ட் வகைத் துப்பாக்கியில், அதாவது ஒவ்வொரு முறையும் பின்புறத் தாழைக் கையால் இழுத்துத் தள்ளும் வகையில், மட்டுமே அவற்றைப் பயன்படுத்துகிறேன். நேற்றிரவு ஐம்பது தோட்டாக்களை நிரப்பி முடித்து, நிரப்பிய வரிசையிலேயே டப்பாவில் அடுக்கி வைத்தேன். இன்று காலை வெடிமருந்து நிறுக்கும் தராசை உறைபோட்டு மூடப் போனபோது, தண்டின் மேல் உள்ள மூன்று நகரும் எடைகளில் நடுவில் உள்ளது, அதாவது ஒவ்வொரு கிரெய்னாக (கிராமில் ஏறத்தாழ பதினைந்தில் ஒரு பங்கு) நகர்வது, நான் குறிப்பேட்டில் எழுதி வைத்திருந்த பள்ளத்தில் இல்லாமல் அடுத்த பள்ளத்தில் உட்கார்ந்திருந்தது. கூடுதலாக ஒரு கிரெய்ன்.

அது எப்போது நகர்ந்தது என்பது எனக்குத் தெரியவில்லை என்பதே சிக்கல். வேலை முடிந்து தராசைத் தூக்கி அலமாரியில் வைத்தபோது நகர்ந்திருந்தால் ஐம்பதும் சரியானவை. வேலையின் நடுவில் வாசல் மணி அடித்து, நான் அவசரமாக எழுந்தபோது முழங்கால் மேசையில் இடித்தது நினைவிருக்கிறது. அப்போது நகர்ந்திருந்தால் அதற்குப் பிறகு நிரப்பியவை எல்லாம் ஒரு கிரெய்ன் கூடுதல் மருந்தோடு இருக்கும். நான் வைத்திருந்த அளவு, கையேடு சொல்லும் உச்ச அளவுக்கு 0.6 கிரெய்ன் மட்டுமே குறைவு. ஆகவே ஐயத்துக்குரிய தோட்டாக்கள் உச்சத்தைத் தாண்டி 0.4 கிரெய்ன் போயிருக்கக்கூடும்.

முழுத் தோட்டாவை எடைபோட்டு, எது சரி, எது கூடுதல் என்று பிரித்துவிட முடியுமா? அல்லது ஐம்பதையும் பிரித்தாக வேண்டுமா?

பழையபித்தளை

ஐம்பதையும் பிரியுங்கள், நண்பரே. காரணத்தையும் சொல்லிவிடுகிறேன்.

முழுத் தோட்டாவின் எடை என்பது பித்தளைக் கூடு, குண்டு, அடியில் தட்டினால் பற்றி மருந்தைக் கொளுத்தும் பிரைமர், மருந்து ஆகிய நான்கின் கூட்டுத்தொகை. ஒரே தயாரிப்பில், ஒரே தொகுதியில் வந்த கூடுகளே தமக்குள் ஒன்றிரண்டு கிரெய்ன் வேறுபடும்; வெவ்வேறு தயாரிப்புகளைக் கலந்து வைத்திருந்தால் 15 கிரெய்னுக்கு மேலும் வேறுபடும். குண்டுகளும் தம் பங்குக்குச் சிறிது மாறும். இந்த இரைச்சலுக்குள் ஒரு கிரெய்ன் மருந்து காணாமல் போய்விடும். மருந்தே விழாத கூட்டை முழு எடை காட்டிக்கொடுக்கும், ஏனெனில் அங்கே நாற்பது சொச்சம் கிரெய்ன் குறையும். உங்களுடைய பிழையை அது காட்டாது.

தோட்டா வேட்டையாடும் துப்பாக்கிக்கு எவ்வளவு முக்கியமோ, ஐயமில்லாத தோட்டா நிரப்புபவரின் தூக்கத்துக்கு அவ்வளவு முக்கியம். ஒரு மாலைப் பொழுது போகும், அவ்வளவுதான்.

எல்லைக்கோடு

நான் மாறுபடுகிறேன். ஒரு கிரெய்ன் கூடுதலால் நல்ல நிலையில் உள்ள போல்ட் துப்பாக்கி சிதறிவிடாது. ஐரோப்பிய சோதனைச் சாலைகளில் ஒவ்வொரு துப்பாக்கியும் அனுமதிக்கப்பட்ட அழுத்தத்தைவிட 25 விழுக்காடு அதிகமான அழுத்தம் தரும் தோட்டாவால் சோதிக்கப்பட்ட பிறகே முத்திரை பெறுகிறது. ஒவ்வொன்றாகச் சுட்டு, பிரைமர் தட்டையாகிறதா, போல்ட்டைத் தூக்கித் திறக்கக் கனக்கிறதா என்று பார்த்துக்கொண்டே போனால் போதும். அறிகுறி தெரிந்தால் அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். ஐம்பது குண்டுகளைச் சுத்தியலால் தட்டிக் கழற்றுவது வீண் வேலை.

அழுத்தமானி

இதற்குச் சற்று விரிவாகப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் எல்லைக்கோடு அவர்கள் சொன்ன விவரம் சரி. அதிலிருந்து அவர் எடுத்த முடிவு தவறு.

25 விழுக்காடு கூடுதல் அழுத்தச் சோதனை உண்மைதான். ஆனால் அந்தச் சோதனை, குழலும் போல்ட்டும் ஒருமுறை தாங்குகின்றனவா என்று ஆலையிலோ சோதனைச் சாலையிலோ பார்ப்பதற்காக, தனியாகத் தயாரித்த புதிய கூட்டில் செய்யப்படுவது. அந்த இடைவெளி நாம் செலவழிப்பதற்காக விட்டுவைத்த சேமிப்பு அன்று. நம் கையில் இருப்பதோ பலமுறை சுட்டு, பலமுறை டை என்னும் அச்சில் அழுத்தி, பலமுறை நீண்டு சுருங்கிய பித்தளை. எஃகு தாங்கும் அழுத்தத்தைப் பித்தளை தாங்குவதில்லை. கூட்டின் அடிப்பகுதி விட்டுக்கொடுத்தால், வாயு போல்ட் வழியாகப் பின்னோக்கித்தான் வரும். அங்கே நம் முகம் இருக்கிறது.

அடுத்து, அழுத்தம் மருந்தின் அளவுக்கு நேர் விகிதத்தில் ஏறுவதில்லை. உச்சத்துக்கு அருகே மருந்து இரண்டு விழுக்காடு கூடினால் அழுத்தம் அதைவிட அதிகமான விழுக்காட்டில் கூடும். .308 வின்செஸ்டருக்கு அமெரிக்கத் துப்பாக்கி, தோட்டாத் தயாரிப்பாளர்களின் தர அமைப்பான சாமி (SAAMI) வைத்துள்ள உச்சவரம்பு சதுர அங்குலத்துக்கு 62,000 பவுண்டு, ஐரோப்பிய சி.ஐ.பி. அமைப்பின் வரம்பு 415 மெகா பாஸ்கல், அதாவது ஏறத்தாழ 60,200 பவுண்டு. இரு அமைப்புகளும் அழுத்தத்தை அளக்கும் முறை வேறு என்பதால் இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடக் கூடாது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். ஆண்டுதோறும் யாராவது ஒருவர் ஒப்பிட்டுவிட்டு, இங்கே வந்து சண்டை தொடங்குகிறார்.

மூன்றாவது, அறிகுறிகளைப் பற்றியது. பிரைமர் தட்டையாவதை அழுத்தமானியின் முள் போல நம்புவது இந்தத் துறையின் மிகப் பழைய மூடநம்பிக்கை. பிரைமரின் கிண்ணம் சில தயாரிப்புகளில் தடிமனாகவும் சிலவற்றில் மெல்லியதாகவும் இருக்கும். மெல்லியது வரம்புக்குள்ளேயே தட்டையாகும், தடித்தது வரம்பைத் தாண்டிய பின்னும் வட்டமாகச் சிரித்துக்கொண்டிருக்கும். கூடு கழுத்தாகக் குறுகும் தோள்பகுதியை அளவுக்கு மீறிப் பின்னே தள்ளிவிட்டாலும், சாதாரண அழுத்தத்திலேயே பிரைமர் தட்டையாகத் தெரியும். போல்ட்டைத் தூக்கித் திறக்கக் கனப்பதும், கூட்டின் அடியில் சுட்ட கூட்டை வெளியே தள்ளும் எஜெக்டரின் வட்டத் தழும்பு பளபளப்பதும், பிரைமர் பள்ளம் தளர்வதும் உண்மையான எச்சரிக்கைகள்தாம். ஆனால் அவை கண்ணில் படும்போது வரம்பை எப்போதோ தாண்டியிருப்போம்.

நம்மைப் போன்றவர்களுக்குக் கிடைக்கும் நேர்மையான அளவுகோல் வேகமானி. அதே குண்டு, அதே மருந்து, அதே நீளக் குழல் என்ற நிலையில், கையேடு உச்ச அளவுக்குச் சொல்லும் வேகத்தை உங்கள் தோட்டா தாண்டினால், அழுத்தமும் தாண்டியிருக்கிறது என்றே கொள்ள வேண்டும். இலவசமாக வேகம் வருவதில்லை.

மெல்லியகாற்றுக்கு ஒரு குறிப்பு: நீங்கள் நிரப்பிய வரிசையிலேயே அடுக்கியிருப்பதால், ஐம்பதையும் முறையே எடைபோட்டு வரைபடமாக இட்டால், சராசரி ஓரிடத்தில் படியேறியது போலத் தெரியலாம். எப்போது நகர்ந்தது என்ற கேள்விக்கு அது விடை தரலாம். ஆனால் எந்த ஒரு தனித் தோட்டாவையும் நல்லது என்று அதை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. பிரிப்பதற்கு மாற்றாக அதைச் செய்யாதீர்கள்.

புதுக்கை

தோட்டா நிரப்பும் கருவியான பிரஸ்ஸை நான் இன்னும் வாங்கவே இல்லை. படித்துக்கொண்டு மட்டும் இருக்கிறேன். இரண்டு கேள்விகள். பிரித்தெடுத்த மருந்தையும் குண்டையும் மீண்டும் பயன்படுத்தலாமா? எண் காட்டும் மின்தராசு வைத்திருந்தால் இந்த நகரும் எடைச் சிக்கலே வராது அல்லவா?

பழையபித்தளை

முதல் கேள்விக்கு: குண்டு கழற்றும் சுத்தியலின் தலைக்குள் தோட்டாவைப் பொருத்தி, கடினமான மரக்கட்டையின் மேல் தட்டினால், குண்டு தன் எடையாலேயே கழன்று மருந்தோடு உள்ளே விழும். கண்ணாடி அணியாமல் இதைச் செய்யக் கூடாது. விளிம்பில் தீப்பற்றும் .22 வகைத் தோட்டாவை அதில் வைக்கவே கூடாது. எந்த மருந்து என்பதில் சிறிதும் ஐயமில்லை, அதில் தூசியோ பிசிரோ இல்லை என்றால் அதன் சொந்தப் புட்டியிலேயே திரும்பக் கொட்டலாம். நுனி சிதையாத குண்டைப் பயிற்சிக்குப் பயன்படுத்தலாம். பிரைமர் கூட்டிலேயே இருக்கட்டும். உயிருள்ள பிரைமரைத் தள்ளி எடுக்கும் ஆசை வேண்டாம். கழுத்தின் பிடிப்பு மட்டும் தளர்ந்திருக்கும் என்பதால், டையிலிருந்து பிரைமர் தள்ளும் ஊசியைக் கழற்றிவிட்டுக் கழுத்தை மட்டும் மறுபடி இறுக்கிக்கொள்ள வேண்டும். அந்த ஊசியைக் கழற்ற மறந்தால் என்ன நடக்கும் என்பதை உங்கள் கற்பனைக்கே விடுகிறேன்.

இரண்டாவது கேள்விக்கு: மின்தராசு வேறு விதமாக ஏமாற்றும். கிரெய்னையும் கிராமையும் மாற்றும் பொத்தான் ஒன்று அதில் இருக்கும். ஒரு கிராம் என்பது ஏறத்தாழ 15.43 கிரெய்ன், இந்தக் குழப்பம் பெரும்பாலும் உடனே கண்ணில் பட்டுவிடும் என்பதால் அதற்கு நான் அவ்வளவாக அஞ்சுவதில்லை. அஞ்ச வேண்டியது மெதுவான நகர்வுக்கு. போட்ட உடனே, உள்ளே சூடேறுவதற்கு முன், பூச்சியம் நகர்ந்துகொண்டே இருக்கும். மின்விசிறிக் காற்று தட்டைத் தள்ளும். அருகில் வைத்த கைப்பேசியும் பழைய குழல்விளக்கும் சில தராசுகளைக் குழப்பும். தண்டுத் தராசானாலும் மின்தராசானாலும், நீங்கள் நிரப்பப் போகும் அளவுக்கு நெருக்கமான ஒரு எடைக்கல்லைத் தொடக்கத்திலும், நடுவில் பத்துக்கு ஒருமுறையும், முடிவிலும் வைத்துப் பாருங்கள். பூச்சியத்தில் சரியாக நிற்கும் தராசு நாற்பதில் பொய் சொல்லலாம்.

எல்லைக்கோடு

பித்தளையைப் பற்றி அழுத்தமானி சொன்னதை ஏற்கிறேன். பிரிக்கட்டும். ஆனால் ஒரு கிரெய்னுக்கு இவ்வளவு பேச்சு என்றால், உண்மையிலேயே ஆளை முடமாக்கும் பிழைகளுக்கு எவ்வளவு பேச வேண்டும்? அவற்றை யாரும் இன்னும் தொடவில்லை.

சாம்பல்குருவி

அதைத் தொடுகிறேன், எல்லைக்கோடு. எந்தத் தராசும் கண்டுபிடிக்காத பிழை ஒன்று உண்டு: தவறான மருந்தைச் சரியான எடையில் போடுவது.

எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். மேசையில் மருந்தை அளந்து கொட்டும் கருவியின் கூம்பைப் பாதி நிறைந்த நிலையில் முந்தைய நாள் விட்டுப் போயிருந்தேன். மறுநாள் வந்தபோது அதில் இருப்பது 4831 என்று நினைவிருந்தது. எந்த 4831 என்பது நினைவில்லை. எச் 4831 என்று ஒன்றும் ஐ.எம்.ஆர். 4831 என்று ஒன்றும் உள்ளன. எண் ஒன்றுதான், மருந்து ஒன்றன்று. ஐ.எம்.ஆர். வகை சற்று வேகமாக எரிவது. எச் வகையின் உச்ச அளவை அதில் போட்டால் அழுத்தம் வரம்பைத் தாண்டும். இரண்டு புட்டிகளும் அன்று என் மேசையிலேயே நின்றன. குச்சி குச்சியான கருஞ்சாம்பல் துகள்களை உள்ளங்கையில் கொட்டி, விளக்கடியில் பத்து நிமிடம் உற்றுப் பார்த்தேன். ஒரு வேறுபாடும் தெரியவில்லை. கூம்பில் இருந்தது முழுவதையும் தோட்டத்து மண்ணில் தூவி வீசினேன். அன்று முதல் மேசையில் ஒரு நேரத்தில் ஒரே ஒரு மருந்துப் புட்டிதான் நிற்கும். அது கூம்பின் பக்கத்திலேயே, பெயர் என்னை நோக்கித் தெரியும்படி நிற்கும். வேலை முடிந்ததும் கூம்பு காலியாகி, மருந்து புட்டிக்குத் திரும்பிவிடும். மீதமான இருவேறு மருந்துகளைக் கலந்து ஒரே புட்டியில் வைக்கும் சிக்கனத்தைப் பற்றி எனக்கு எழுதவும் மனம் வரவில்லை.

அடுத்தது இரட்டிப்பு மருந்து. .308 போன்ற கூட்டில், வழக்கமான துப்பாக்கி மருந்து பாதிக்கு மேல் நிறைந்துவிடுவதால் இருமுறை போட்டால் வழிந்து மேசையெங்கும் கொட்டும். அது நல்ல காவல். ஆனால் பயிற்சிக்காகக் குறைந்த வேகத் தோட்டா செய்பவர்கள், வேகமாக எரியும் மருந்தைச் சிறிதளவு போடும்போது அந்தக் காவல் போய்விடுகிறது. இரண்டு அளவு, சில நேரங்களில் மூன்று அளவு மருந்துகூட ஓசையில்லாமல் உள்ளே அடங்கிவிடும். இதனால்தான் குண்டைப் பொருத்துவதற்கு முன், ஐம்பது கூடுகளையும் துளைப்பலகையில் நிறுத்தி, கைவிளக்கை மேலிருந்து சாய்வாகப் பிடித்து, ஒவ்வொரு வாயினுள்ளும் பார்க்க வேண்டும். எண்ணிக்கொண்டு பார்க்காதீர்கள், மட்டத்தைப் பாருங்கள். ஐம்பது வாய்களில் ஒன்றில் மட்டம் உயர்ந்தோ தாழ்ந்தோ இருந்தால், எண்ணம் ஓடுவதற்கு முன்பே கண் அங்கே போய் நின்றுவிடும்.

மருந்தே இல்லாத கூடும் பாதுகாப்பானதன்று. பிரைமரின் தள்ளலில் குண்டு குழலுக்குள் சிறிது தூரம் போய்ச் சிக்கிக்கொள்ளும். ஓசை வித்தியாசமாக, சோர்வாகக் கேட்கும். அங்கேயே நிறுத்தி, துப்பாக்கியைக் காலி செய்து, குழல் வழியே துடைப்பக் கம்பியை விட்டுப் பார்க்காமல் அடுத்த தோட்டாவை ஏற்றினால், அது முன்னதன் முதுகில் மோதும். விசையை அழுத்தியும் ஒன்றுமே நடக்காவிட்டால் அது வேறு நிலை. பிரைமர் தாமதமாகவும் பற்றலாம். குழல்வாயை இலக்கின் பக்கமே வைத்துக்கொண்டு குறைந்தது 30 விநாடி காத்திருந்த பின்னரே போல்ட்டைத் திறக்க வேண்டும். ஒரு நிமிடம் காத்திருப்பவர்களை யாரும் கேலி செய்யப் போவதில்லை.

புதுக்கை

வேலையின் நடுவே வாசல் மணி அடித்தால் என்ன செய்வது, சாம்பல்குருவி அவர்களே? இந்த இழையே அந்த மணியால்தான் தொடங்கியது.

சாம்பல்குருவி

கையில் இருக்கும் கூட்டின் மருந்தைப் புட்டியில் திரும்பக் கொட்டிவிட்டு எழுந்திருங்கள். திரும்பி வந்ததும், எடைக்கல்லை வைத்துப் பார்த்த பிறகே அடுத்ததைத் தொடுங்கள். மணி அடித்தவர் காத்திருப்பார்.

ஏழாம்பள்ளம்

பிரைமரைப் பற்றி ஒரு சொல். அது கூட்டின் அடி மட்டத்துக்குச் சற்றுக் கீழே, ஏறத்தாழ 0.003 முதல் 0.005 அங்குலம் வரை உள்ளே அமர வேண்டும். ஒவ்வொரு கூட்டின் அடியிலும் விரல் நுனியை ஓட்டினால் துருத்தி நிற்பது தட்டுப்படும். போல்ட் வகையில் துருத்திய பிரைமர் பெரும்பாலும் சரியாகப் பற்றாமல் போவதோடு முடிந்துவிடும். பிரைமரைத் தட்டும் ஊசி தடையின்றி மிதக்கும் தானியங்கி வகைகளில் அப்படியில்லை; போல்ட் முழுவதும் பூட்டப்படும் முன்பே தோட்டா வெடித்துவிடக்கூடும். எம்1 காரண்ட் போன்ற துப்பாக்கிகளுக்கு நிரப்புவோர் இதை விடாமல் பார்ப்பதற்கு அதுவே காரணம். எண்ணெய் தொட்ட கையால் பிரைமரைத் தொடக் கூடாது. பிரைமர்களைப் பெட்டியிலிருந்து கொட்டிக் கண்ணாடிச் சீசாவில் சேர்த்து வைக்கவும் கூடாது. ஒன்று வெடித்தால் அத்தனையும் சேர்ந்து வெடிக்கும். ஆலைப் பெட்டியில் அவை இடைவெளி விட்டு அடுக்கப்பட்டிருப்பது அழகுக்காக அன்று.

அழுத்தமானி

மெல்லியகாற்று, குண்டுகளைக் கழற்றிய பிறகு கூடுகள் காலியாகத்தானே இருக்கும்? அந்த வாய்ப்பைத் தவறவிடாதீர்கள். காகிதம் செருகும் கம்பி ஒன்றை நிமிர்த்தி, நுனியைச் சிறு கொக்கியாக வளைத்து, பிரைமரை உரசாமல், கூட்டின் உட்சுவரில் அடியிலிருந்து மேலாக மெதுவாக இழுத்துப் பாருங்கள். அடிப்பகுதி தடிமனாகவும் அதற்கு மேல் சுவர் மெல்லியதாகவும் மாறும் இடத்துக்குச் சற்று மேலே நுனி ஒரு பள்ளத்தில் விழுந்து எழுந்தால், அந்தக் கூடு அடுத்த முறையோ அதற்கடுத்த முறையோ குறுக்கே இரண்டாகப் பிரியப் போகிறது. வெளிப்புறத்தில் அதே இடத்தில் வெளிறிய, பளிச்சென்ற வளையம் ஒன்று தெரியலாம், தெரியாமலும் போகலாம். டையை அளவுக்கு மீறி இறக்கி, ஒவ்வொரு முறையும் தோளைத் தேவைக்கு மேல் பின்னே தள்ளுபவர்களின் கூடுகள் இப்படித்தான் விரைவில் சாகின்றன. 0.002 அங்குலம் பின்னே போனால் போல்ட் துப்பாக்கிக்குப் போதும்.

கூட்டின் நீளத்தையும் காலிப்பரால் அளந்துவிடுங்கள். .308-க்கு உச்சம் 2.015 அங்குலம். அதைத் தாண்டினால் கழுத்தின் விளிம்பு, தோட்டா அமரும் அறையான சேம்பரின் முனையில் முட்டி, குண்டை நெருக்கிப் பிடிக்கும். மருந்து சரியான அளவாக இருந்தும் அழுத்தம் ஏறிவிடும்.

மெல்லியகாற்று

இரண்டு மாலைகள் ஆயின. ஐம்பதையும் பிரித்துவிட்டேன். ஒவ்வொரு தோட்டாவின் மருந்தையும் தனித்தனியாக, எடைக்கல்லால் சரிபார்த்த தராசில் நிறுத்து, வரிசை எண்ணோடு எழுதினேன்.

முதல் முப்பத்து மூன்றும் நான் வைத்த அளவில், 0.1 கிரெய்னுக்குள் இருந்தன. முப்பத்து நான்காவதிலிருந்து ஐம்பது வரை பதினேழும் ஒரு கிரெய்ன் கூடுதல். ஆக வாசல் மணிதான், முழங்கால்தான். அழுத்தமானி சொன்ன வரைபடத்தையும் பிரிப்பதற்கு முன் இட்டுப் பார்த்தேன். படி ஒன்று இருப்பது போலத் தோன்றியது, ஆனால் அது இருபத்தெட்டில் தொடங்குவதாகத் தெரிந்தது. அதை நம்பியிருந்தால் ஆறு நல்ல தோட்டாக்கள் வீணாகியிருக்கும். பிழை எதிர்ப்பக்கம் சாய்ந்திருந்தால் கெட்டவை ஆறு தப்பியிருக்கும்.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். என் கருவி, வேண்டிய அளவுக்கு அரை கிரெய்ன் குறைவாகக் கொட்டும். மீதியைத் துளித்துளியாகத் தட்டிச் சேர்ப்பேன். திரும்பி வந்து உட்கார்ந்த பிறகு தட்டுவதற்கு மூன்று மடங்கு நேரம் பிடித்தது. கை அதை உணர்ந்தது. இரவாகிவிட்டது, சோர்வு என்று எண்ணிக்கொண்டே பதினேழு முறை தட்டினேன்.

கம்பிக் கொக்கியால் பார்த்ததில், இரண்டு கூடுகளில் நுனி பள்ளத்தில் விழுந்தது. அவற்றில் ஒன்றின் பிரைமரை ஏற்றிச் சுட்டு வெறுமையாக்கிய பின், இரும்பறுக்கும் ரம்பத்தால் நீளவாக்கில் பிளந்தேன். அடியிலிருந்து ஏறத்தாழ கால் அங்குல உயரத்தில் சுவர் பாதியாக மெலிந்து, நகத்தால் கீறியது போன்ற கோடு சுற்றிலும் ஓடுகிறது. வெளியே ஒரு வளையமும் இல்லை.

பழையபித்தளை

அந்த இரண்டும் எத்தனையாவது முறை நிரப்பியவை?

மெல்லியகாற்று

டப்பாவின் மேல் ஐந்து என்று எழுதியிருக்கிறேன். குறிப்பேட்டில் எண்ணிப் பார்த்தால் ஏழு வருகிறது. டப்பாவில் இருந்த ஐம்பதையுமே ஒதுக்கிவிட்டேன்.